டேவிட் ஜோன்ஸுக்கு மலகாசி கற்பித்தவர் யார்?

லண்டன் மிஷனரி சங்கத்தின் பழைய ஆண்டறிக்கைகளைத் தேடிப் போகும் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் பெரும்பாலும் நாகர்கோவில், நெய்யூர் பக்கங்களோடு தொகுதியை மூடிவிடுவார்கள். சார்ல்ஸ் மீட் 1818இல் தெற்குத் திருவிதாங்கூருக்கு வந்து சேர்ந்த செய்திக்காகத்தான் நானும் அவற்றைத் திறந்தேன். அதே ஆண்டில் அதே சங்கம் வேல்ஸ் நாட்டு இளைஞர்கள் இருவரை, மலகாசி பேசும் மடகாஸ்கர் தீவுக்கு அனுப்பியிருந்தது. ஒருவர் தாமஸ் பெவன், மற்றவர் டேவிட் ஜோன்ஸ். தீவில் கால்வைத்து ஆறு மாதம் முடிவதற்குள் பெவன் இறந்துபோனார். ஜோன்ஸ் பிழைத்தார்.

ஜோன்ஸைப் பற்றிய வரலாறுகள் எல்லாமே ஒரு வாக்கியத்தைத் தாண்டித்தான் போகின்றன: அவர் மலகாசி மொழியைக் கற்றுக்கொண்டார். எழுவாயும் செயப்படுபொருளும் பயனிலையும் சரியாக அமைந்த வாக்கியம். யாரிடம் கற்றார் என்பது மட்டும் அதில் இல்லை. தமிழ்நாட்டு மிஷன் வரலாற்றில் முன்ஷிகளையும் பண்டிதர்களையும் ஓரளவேனும் பெயரோடு சந்தித்துப் பழகிய எனக்கு இந்த வெற்றிடம் உறுத்தியது.

முதலில் உறுதியானவை. ஜோன்ஸும் பெவனும் கார்டிகன்ஷயர் பகுதியில் நெயாத்லுய்த் என்னும் சிற்றூரில் தாமஸ் பிலிப்ஸ் நடத்திய பள்ளியில் படித்தவர்கள். பிறகு தென் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் டேவிட் போக் என்பவரிடம் மிஷனரிப் பயிற்சி பெற்றார்கள். இருவருக்கும் வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. மடகாஸ்கரைப் பற்றி பிலிப்ஸ் கனவு கண்டார், மறுநாள் வகுப்பில் அங்கே போவது யார் என்று கேட்டார், இவர்கள் இருவரும் எழுந்தார்கள் என்றொரு கதை வேல்ஸில் இன்றும் வழங்குகிறது. அது நடந்திருக்கலாம். ஆனால் கனவு மட்டுமே ஒருவரைக் கப்பலேற்றிவிடாது. அந்தத் தீவில் மிஷன் தொடங்கும் திட்டம் சங்கத்திடம் பல ஆண்டுகளாகவே இருந்தது. 1818 பிப்ரவரியில் கப்பலேறி, ஜூலையில் மொரீஷியஸ் வந்து, ஆகஸ்டு 18 அன்று மடகாஸ்கரின் கிழக்குத் துறைமுகமான தமதாவேயில் இறங்கினார்கள். இன்றைய பெயர் தோமாசினா.

முதல் தடயம் இங்கேதான் கிடைக்கிறது. செப்டம்பர் 8 அன்று, அதாவது கரையிறங்கி மூன்றே வாரத்தில், பத்துக் குழந்தைகளோடு ஒரு பள்ளியைத் திறந்துவிட்டார்கள். மிஷன் நூல்கள் இதை ஊக்கத்தின் சான்றாகச் சொல்கின்றன. எனக்கு எழுந்த கேள்வி, எந்த மொழியில் பாடம் நடந்தது என்பது. மூன்று வாரத்தில் யாரும் ஒரு மொழியில் ஆசிரியராகிவிட முடியாது.

தமதாவேயின் தலைவர் ஜான் ரெனே, பிரெஞ்சுத் தந்தைக்கும் மலகாசித் தாய்க்கும் பிறந்தவர். மொரீஷியஸ், ரெயூனியன் தீவுகளோடு அரிசி, கால்நடை, அடிமை வணிகம் நடந்த துறைமுகம் அது. பிரெஞ்சு காதில் விழாத வீடு அங்கே இருந்திருக்காது. பள்ளிக்கு வந்தவர்களும் தலைவர்களின் பிள்ளைகள். ஆக, பள்ளி திறந்தது என்பதை வைத்து மொழி கைவந்தது என்று சொல்ல முடியாது. அந்தக் குழந்தைகளிடமிருந்து ஜோன்ஸ் சில சொற்களைப் பொறுக்கியிருப்பார், அவ்வளவே.

அவர் அங்கே இருந்த காலமும் குறைவு. பள்ளி நடக்கும் என்று உறுதிப்பட்டதும் குடும்பங்களை அழைத்துவர இருவரும் மொரீஷியஸ் திரும்பினார்கள். மழைக்காலத்தில் கடற்கரைக்குப் போகாதீர்கள் என்று தீவறிந்தவர்கள் எச்சரித்திருந்தார்கள். நவம்பரில் ஜோன்ஸ் மனைவி லூயிசாவோடும் குழந்தையோடும் போய்ச் சேர்ந்தார். டிசம்பரில் குழந்தையும் அடுத்து லூயிசாவும் காய்ச்சலில் இறந்தார்கள். ஜனவரித் தொடக்கத்தில் வந்த பெவன் நண்பரை நோயாளியாகக் கண்டார். அந்த மாத முடிவுக்குள் பெவனின் குழந்தையும் பெவனும், பிப்ரவரித் தொடக்கத்தில் அவர் மனைவியும் போய்விட்டார்கள். மலேரியா எதனால் வருகிறது என்று அன்று எவருக்கும் தெரியாது. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்று என்றே நம்பினார்கள்.

நோயும் துக்கமுமாகச் சில மாதம் கடற்கரையில் கிடந்த ஜோன்ஸ், 1819இன் நடுப்பகுதியில் மொரீஷியஸுக்குத் திரும்பினார். அவர் மறுபடி மடகாஸ்கருக்குக் கிளம்பியது 1820 செப்டம்பரில். வரலாறுகள் இந்த ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளியை உடல் தேறிய காலம் என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. என் சந்தேகம் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நிலைகொண்டது.

மொரீஷியஸில் அவர் என்ன செய்தார்? தீவின் தென்புறத்தில் பெல் ஓம்ப்ர் என்ற பெரிய கரும்புத் தோட்டம் இருந்தது. அதை நடத்தியவர் சார்ல்ஸ் டெல்ஃபேர். ஐரிஷ்காரர், தாவரவியல் ஆர்வலர், ஆளுநர் ராபர்ட் ஃபார்குவருக்குச் செயலாளராக இருந்தவர். அந்தத் தோட்டத்தில் அடிமைகளுக்குக் கற்பிக்கும் வேலையை ஜோன்ஸ் ஏற்றார். இந்தச் செய்தியைத் தருபவர் டெல்ஃபேரே. மொரீஷியஸின் அடிமைமுறை பற்றி 1830இல் அவர் வெளியிட்ட நூலில் இது வருகிறது.

இந்தச் சாட்சியை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெல் ஓம்ப்ரில் அடிமைகள் கொடுமைப்படுத்தப்படுவதாக இங்கிலாந்தின் அடிமை ஒழிப்பு இதழ் குற்றம்சாட்டியதற்கு மறுப்பாகவே டெல்ஃபேர் அந்த நூலை எழுதினார். பாதிரியார் ஒருவர் தம் தோட்டத்தில் பள்ளி நடத்தினார் என்பது அவருக்கு வசதியான செய்தி. பள்ளி எவ்வளவு சிறப்பாக நடந்தது, அடிமைகள் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பதையெல்லாம் நம்பத் தேவையில்லை. ஆனால் ஜோன்ஸ் அங்கே இருந்தார் என்பதைப் புனைந்து எழுதியிருக்க முடியாது. நூல் வந்தபோது ஜோன்ஸ் உயிரோடு இருந்தார், மறுக்க வாயும் இருந்தது.

அடுத்தது, அந்தத் தோட்டங்களில் இருந்தவர்கள் யார் என்பது. 1810களின் நடுவிலிருந்து மொரீஷியஸில் அடிமைப் பதிவேடுகள் எழுதப்பட்டன. லண்டனின் கியூ பகுதியில் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், கருவூலப் பிரிவு 71 என்ற வரிசையில் அவை இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, தொழில், பிறப்பிடம். பிறப்பிடப் பத்தியில் நான்கு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். தீவிலேயே பிறந்தவர் கிரியோல், ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து வந்தவர் மொசாம்பிக், தென்னிந்தியர் மலபார், மடகாஸ்கர்க்காரர் மல்காஷ். பிரெஞ்சுக்காரர்கள் தமிழரையும் மலபார் என்றே எழுதினார்கள் என்பதை இங்கே ஞாபகத்தில் வைக்கலாம்.

மல்காஷ் என்று குறிக்கப்பட்டவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. பியர் லார்சன் என்ற வரலாற்றாசிரியர் 2009இல் வெளியிட்ட நூலில், மொரீஷியஸில் அன்றாடம் பேசப்பட்ட மொழிகளுள் மலகாசியும் ஒன்று என்பதை விரிவாக நிறுவியிருக்கிறார். கிரியோல் பேச்சுதான் அடிமைகளின் ஒரே மொழி என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. மடகாஸ்கருக்குப் போகாமலே மலகாசி கேட்கவும் பேசவும் வாய்ப்புள்ள இடத்தில் ஜோன்ஸ் ஓராண்டுக்கு மேல் இருந்திருக்கிறார்.

இதற்கு ஒரு வலுவான எதிர்ப்பு உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஜோன்ஸ் பின்னர் வேலை செய்தது தீவின் நடுவே மெரினா மக்கள் வாழும் மேட்டு நிலத்தில். தமதாவே சுற்றுவட்டாரத்துப் பெட்சிமிசாரகா மக்களின் பேச்சும் மேட்டு நிலத்துப் பேச்சும் ஒரே மொழியின் இரு வழக்குகள். ஒலியிலும் சொல்லிலும் வேறுபாடு கணிசம். மொரீஷியஸ் அடிமைகள் கடற்கரை வழக்கைப் பேசினார்கள் என்றால், அந்தப் படிப்பு தலைநகரில் எவ்வளவு உதவியிருக்கும்?

விடை அடிமை வணிகத்தின் வழித்தடத்தில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மடகாஸ்கரின் மேட்டு நிலத்தில் சிற்றரசுகளுக்கிடையே ஓயாத போர். பிடிபட்டவர்களும் கடனில் சிக்கியவர்களும் காட்டுப் பாதை வழியே கிழக்குக் கரைக்கு ஓட்டிவரப்பட்டு, அங்கே கப்பலேற்றப்பட்டார்கள். துறைமுகம் கடற்கரையில் இருந்தாலும், விற்கப்பட்டவர்களில் பெரும்பங்கினர் உள்நாட்டார். எனவே மொரீஷியஸ் தோட்டங்களில் மேட்டு நிலத்து வழக்கும் ஒலித்தது. எதிர்ப்பு இங்கே பெருமளவு வலுவிழக்கிறது.

1820இல் அரசியல் காற்று திரும்பியது. மூன்றாண்டுகளுக்கு முன் ஃபார்குவர் மெரினா மன்னர் முதலாம் ராடாமாவோடு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்: மன்னர் அடிமை ஏற்றுமதியை நிறுத்துவது, பதிலுக்குப் பிரிட்டன் ஆண்டுதோறும் பணமும் ஆயுதமும் தருவது. ஃபார்குவர் விடுப்பில் போனபோது தற்காலிகப் பொறுப்பேற்ற ஜெனரல் ஹால் அந்தத் தொகையைத் தர மறுத்தார். பொய்யன் என்று சொல்ல ஆங்கிலேயனை உவமை காட்டும் வழக்கு மடகாஸ்கரில் அப்போதுதான் பிறந்தது என்று பதிவுகள் சொல்கின்றன. திரும்பி வந்த ஃபார்குவர், உறவைச் சீர்செய்ய ஜேம்ஸ் ஹேஸ்டியைத் தூது அனுப்பினார். உடன் சென்றார் ஜோன்ஸ். அக்டோபர் 3 அன்று மெரினா தலைநகரான அந்தனானரிவோ சேர்ந்தார்கள். சில நாளில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மிஷனரிகளோடு கைவினைஞர்களையும் அனுப்ப வேண்டும் என்று ராடாமா சங்கத்துக்குக் கேட்டு எழுதினார். டிசம்பர் 8 அன்று மூன்று மாணவர்களோடு ஜோன்ஸின் இரண்டாவது பள்ளி தொடங்கியது.

தலைநகரில் ஜோன்ஸ் பழகிக்கொள்ள வேண்டியவை மொழிக்கு வெளியேயும் நிறைய இருந்தன. அரசு முடிவுகள் கபாரி எனப்படும் பொதுக்கூட்டத்தில், பழமொழிகள் அடுக்கிய நீண்ட உரையாக அறிவிக்கப்படும். நேராகப் பேசுவது அங்கே நாகரிகமில்லை. ஃபாடி என்பது விலக்கு: இன்ன குடியினர் இன்னதைத் தின்னக்கூடாது, இன்ன நாளில் இன்னதைச் செய்யக்கூடாது. மன்னரைக் காணும்போது முழு வெள்ளி நாணயம் ஒன்றைக் காணிக்கையாக வைக்க வேண்டும். சந்தையிலோ அதே நாணயத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தராசில் நிறுத்துக் கொடுப்பார்கள். வெள்ளையர் பள்ளி என்றால் பிள்ளைகளைக் கடல் கடத்தி விற்பதற்கான தந்திரம் என்று பெற்றோர் அஞ்சினார்கள். அந்த நாட்டின் சமீபகால அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அது மூடநம்பிக்கை இல்லை, நியாயமான கணிப்பு. 1822இல் ராடாமா ஐரோப்பிய பாணியில் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டபோது பெண்கள் திரண்டு எதிர்த்தார்கள், முன்நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். மன்னரின் ஆதரவு என்பது எப்படிப்பட்ட ஆதரவு என்று அந்த இளைஞருக்கு அப்போது புரிந்திருக்கும்.

இனி எழுத்து. எழுத்தில்லாத மொழிக்கு மிஷனரிகள் எழுத்துக் கொடுத்தார்கள் என்ற வாக்கியத்தைப் பல நூல்களில் காணலாம். அது தவறு. தீவின் தென்கிழக்குக் கரையில் அந்தைமோரோ மக்களின் எழுத்தர்கள் பல நூற்றாண்டுகளாக அரபு எழுத்தில் மலகாசியை எழுதிவந்தார்கள். அதன் பெயர் சொராபே. அவர்களில் சிலர் மெரினா அரசவையில் பணியில் இருந்தார்கள். ராடாமாவின் கடிதங்களில் அந்த எழுத்தில் எழுதப்பட்டவை உண்டு. 1817 பேச்சுவார்த்தைகளை அவற்றைக்கொண்டு ஆய்ந்தவர்களும் உண்டு. அரசவையில் ரோபன் என்ற பிரெஞ்சுச் சிப்பாயும் இருந்தார். மன்னருக்கு லத்தீன் எழுத்தைக் கைபிடித்துப் பழக்கியவர் அவர். மன்னரின் பயிற்சி ஏடு ஒன்று இன்றும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1603இல் ஹௌட்மன் என்ற டச்சுக்காரரும், 1658இல் ஃபிளக்கூர் என்ற பிரெஞ்சு ஆளுநரும் மலகாசிச் சொற்தொகுதிகளை ஐரோப்பாவில் அச்சிட்டிருந்தார்கள். ஜோன்ஸ் வந்தது ஏற்கெனவே ஆட்கள் நிறைந்த வீட்டுக்கு.

1821இல் இரண்டாமவராக டேவிட் கிரிஃபித்ஸ் வந்தார்; அவரும் வேல்ஸ்காரர். மலகாசியை எந்த எழுத்துமுறையில் எழுதுவது என்ற வழக்கு 1823 மார்ச்சில் மன்னர் முன் தீர்ந்தது. மெய்யெழுத்துகள் ஆங்கில ஒலிப்படி, உயிரெழுத்துகள் பிரெஞ்சு ஒலிப்படி. ஆங்கில உயிர்கள் இடத்துக்கு இடம் ஒலி மாறுவது ராடாமாவுக்குப் பிடிக்கவில்லை. ஓர் எழுத்து எங்கும் ஒரே ஒலியோடு இருக்க வேண்டும் என்றார். இதைச் சிலர் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட சமரசம் என்று எழுதுகிறார்கள். அப்படியென்றால் தோற்றவர் யார் என்று பார்க்க வேண்டும். ஜோன்ஸும் கிரிஃபித்ஸும் தாய்மொழியால் ஆங்கிலேயர் அல்ல. வேல்ஷ் எழுத்தும் ஏறக்குறைய ஒலித்தபடியே எழுதப்படுவதுதான். மன்னர் வேண்டாம் என்ற குழப்பம் அவர்களுக்கும் அந்நியம். ஆனாலும் முறையை வகுத்த பெருமையை அவர்களுக்கே கொடுக்கவும் முடியவில்லை. தீர்ப்புச் சொன்னவர் இரண்டு எழுத்துகளை முன்பே பார்த்திருந்த ஓர் அரசர். அவருக்கு அப்போது முப்பது வயதை ஒட்டி இருக்கும்.

பிறகு வேலை வேகமெடுத்தது. 1826 நவம்பரில் அச்சு இயந்திரத்தோடு வந்த சார்ல்ஸ் ஹோவெண்டன், டிசம்பரில் காய்ச்சலில் இறந்தார். அச்சுத்தொழில் அறியாத, மிஷன் கைவினைஞர் ஜேம்ஸ் கேமரன் முதலானோர் இயந்திரத்தைப் பூட்டி, 1827இல் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலிருந்து சில வசனங்களை அச்சிட்டார்கள். புதிய ஏற்பாடு 1830இல், முழு வேதாகமம் 1835இல்.

மொழிபெயர்ப்பில் முதுநிலை மாணவர்கள் உதவினார்கள் என்று ஆவணங்களில் வருகிறது. மலகாசித் திருச்சபை மரபு அவர்களைப் பன்னிருவர் என்று நினைவுகூர்கிறது. உதவினார்கள் என்பதன் எடை என்ன? அதை அளக்க 1835 ஒரு வாய்ப்பைத் தருகிறது. ராடாமா 1828இல் இறந்தபின் அரியணை ஏறிய முதலாம் ரணவலோனா, 1835 மார்ச் 1 அன்று கிறிஸ்தவத்தைத் தடைசெய்தார். மலகாசிப் பணியாளர்கள் அச்சகத்துக்கு வருவது நின்றது. பழைய ஏற்பாட்டின் ஒரு பகுதி இன்னும் அச்சேறவில்லை. அதுவரை அவர்கள் கையில் நடந்த வேலையை அச்சாளர் எட்வர்ட் பேக்கரும் மற்றவர்களும் தாங்களே இழுத்துப்பிடித்து ஜூனில்தான் முடிக்க முடிந்தது. ஒருவர் வராமல் போனால்தான் அவர் செய்த வேலை எவ்வளவு என்று தெரியும்.

அதே ஆண்டு அந்தனானரிவோவில் ஓர் அகராதியும் அச்சானது. ஆங்கிலம்–மலகாசிப் பகுதி மிஷனரி ஜே. ஜே. ஃப்ரீமன் பெயரில், மலகாசி–ஆங்கிலப் பகுதி டேவிட் ஜான்ஸ் பெயரில். இந்த ஜான்ஸ் நம் ஜோன்ஸ் அல்லர். 1826இல் வந்த இவரும் பிறப்பால் டேவிட் ஜோன்ஸ்தான்; முன்னவரோடு குழப்பம் வராமலிருக்கப் பெயரின் எழுத்தை மாற்றிக்கொண்டவர். அகராதியை மூத்த ஜோன்ஸுக்குச் சேர்க்கும் குறிப்பைக் கண்டால் வாசகர் உஷாராக வேண்டும். மூத்தவர் உடல்நலம் கெட்டு 1830லேயே தீவை விட்டுப் போய்விட்டார்.

இந்தக் காலத்தைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் எல்லிஸ் 1838இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட வரலாறு. மிஷனரிகளின் தாள்களிலிருந்து லண்டனில் தொகுத்தது. எல்லிஸ் மடகாஸ்கர் மண்ணை முதன்முதலாக மிதித்தது 1853இல். சகாக்களோடு கசந்து பிரிந்த கிரிஃபித்ஸோ 1840களின் தொடக்கத்தில் வேல்ஷ் மொழியில் தம் வரலாற்றை எழுதினார். அது பரவலாக வாசிக்கப்படாமல் கிடந்து, எங்கள் காலத்தில் க்வின் கேம்பெல்லின் ஆய்வால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. முன்னோடிகளின் பங்கைச் சங்கத்தின் வரலாறு மங்கச் செய்துவிட்டது என்பது கிரிஃபித்ஸ் பக்கத்து வழக்கு. அதில் உண்மை உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று வாதாடிய இரு தரப்பும் தாங்கள் கற்ற ஆசிரியர்களைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் சண்டையே வரவில்லை.

ஜோன்ஸ் 1840இல் ஒருமுறை அந்தனானரிவோ போய், கிறிஸ்தவர்கள் கொல்லப்படும் காலத்தைக் கண்டு திரும்பி, 1841 மே மாதம் மொரீஷியஸில் இறந்தார்.

கிடைத்த சான்றுகளின்படி என் முடிவு இது. தமதாவேக் குழந்தைகள் அவருக்குச் சொற்களைக் கொடுத்தார்கள். அரசவை எழுத்தர்களும் மன்னரும் எழுதும் வழியைத் தீர்மானித்தார்கள். மாணவர்கள் திருத்தமான நடையைக் கொடுத்தார்கள். பேச்சைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் மொரீஷியஸில் அடிமைகளாக இருந்த மலகாசியர். நேரடிச் சான்றில்லாத இந்தக் கடைசிப் பகுதியை ஊகம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேறு எந்த விளக்கமும் 1819–20 இடைவெளியை இவ்வளவு எளிதாகப் பொருத்துவதில்லை.

கியூவில் இருக்கும் அந்தப் பதிவேடுகள் ஆய்வாளர்களுக்குத் திறந்தே இருக்கின்றன. மல்காஷ் வரிகளை மடகாஸ்கர் ஆய்வாளர்கள் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வரிகளில் மலபார் என்று குறிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நம்மவர் எத்தனை பேர், எந்த ஊரார் என்பதை, பிரெஞ்சுக் கையெழுத்துப் படிக்கத் தெரிந்த தமிழ் ஆய்வாளர் ஒருவர் எடுத்துப் பார்க்க வேண்டும்.